அணைத்துப் போட்டாலும் பேச வேண்டும்

ஸ்ரீரங்கத்தில் கரண்ட் போனால் என் அண்ணனுக்குப் பேச்சு போய்விடும். கரண்ட் திரும்பி வந்தாலும் பேச்சு வராது. நான் திருவெறும்பூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய், அவன் கட்டிலோரம் நின்று, கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்ட வேண்டும். அப்புறம்தான் பேசுவான். எட்டு மாதம் இப்படியே ஓடியது. இது யாருடைய தப்பு என்று கேட்டால், என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவன். எனக்கு இரண்டு வயது மூத்தவன். வாய் ஓயாது. சில்லறை இல்லாதவனை ஒரு கிண்டல், படியில் தொங்குகிறவனை ஒரு கிண்டல், கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்களுக்கு எந்த வாசலில் இறங்க வேண்டும் என்று ஒரு சொற்பொழிவு. வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். எனக்குப் பேச்சு வராது. வந்தால் சண்டையில்தான் முடியும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசியது கிடையாது. அவன் பேசுவான், நான் எழுந்து போய்விடுவேன்.

ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது விழுந்தான். மூளைத் தண்டில் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. காது கேட்கும், கண் தெரியும், எல்லாம் புரியும். ஆனால் வாயிலிருந்து ஒரு எழுத்து வராது. கழுத்துக்குக் கீழே இடது கைக் கட்டைவிரல் மட்டும் அசையும். ஆமாம் என்றால் கண்ணை ஒரு தடவை மூட வேண்டும், இல்லை என்றால் இரண்டு தடவை. அவ்வளவுதான் அவனுக்கு மிச்சம் இருந்த பாஷை.

நான் தொழிற்சாலையில் மீட்டர்களைப் பழுது பார்ப்பவன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, ஒயர் பிடிக்கத் தெரியும். பாலக்கரையில் ஆட்டோ உதிரிபாகக் கடையில் ஒரு ஹாரன் பொத்தான் வாங்கினேன். பெரிய பொத்தான், லேசாகத் தொட்டாலே அழுந்தும். அதை ஒரு சின்ன சர்க்யூட் போர்டில் இணைத்து, ஒயரை என் பழைய லேப்டாப்பில் சொருகினேன். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக வெளிச்சமாகிக்கொண்டே போகும். வேண்டிய வரிசை வரும்போது ஒரு அழுத்து, வேண்டிய எழுத்து வரும்போது இன்னொரு அழுத்து. வார்த்தை சேர்ந்ததும் கம்ப்யூட்டர் அதைப் படித்துக் காட்டும். கிடைத்த தமிழ்க் குரல்களில் தெளிவாக இருந்தது ஒரு பெண் குரல்தான். அதையே வைத்தேன்.

மூன்று மாதம் ஊமையாகக் கிடந்தவன் முதல் தடவை பேசினான். நாங்கள் சுற்றி நின்றோம். நாலு நிமிஷம் ஆனது. பெண் குரலில் வந்தது: “ஃபேனைக் குறை.”

அண்ணி அழுதுவிட்டார். மூன்று மாதமாக “ஃபேனா?” என்று கேட்டிருக்கிறோம். அவன் ஆமாம் என்று கண்ணை மூடியிருக்கிறான். நாங்கள் வேகத்தைக் கூட்டியிருக்கிறோம். மனுஷன் மூன்று மாதம் குளிரில் நடுங்கிக் கிடந்திருக்கிறான்.

இரண்டாவது வாக்கியம்: “குரல் உங்க அண்ணி குரலை விட நல்லா இருக்கு.”

“ஆரம்பிச்சாச்சா?” என்றார் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், கஷ்டமான விஷயம் இல்லை. அந்த லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக இருப்பது லினக்ஸ். அதில் நாம் சொருகுகிற எந்தக் கருவியும் ஒரு கோப்பு மாதிரிதான் தெரியும். பொத்தானும் ஒரு கோப்புதான். ஒவ்வொரு கோப்பையும் யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்று அனுமதி உண்டு. அண்ணனுக்காகப் பேசுகிற நிரலுக்கு, அதாவது ப்ரோகிராமுக்கு, அந்தப் பொத்தானைப் படிக்க அனுமதி இல்லை. நான் நிர்வாகியின் பாஸ்வேர்டைப் போட்டு, ஒரு வரி தட்டி, அனுமதியைத் திறந்துவிட்டேன். பொத்தான் வேலை செய்தது. வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

முடியவில்லை. கருவிகளுக்கான கோப்புகள் ஹார்ட் டிஸ்கில் எழுதி வைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் எழும்போதும் அவை புதிதாக உண்டாகின்றன. நான் நேற்றுத் திறந்துவிட்ட அனுமதி இன்றைக்குப் பிறந்த கோப்புக்குத் தெரியாது. அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி பூட்டிக்கொள்ளும். கரண்ட் வந்ததும் லேப்டாப் தானாக எழுந்து நிரலைத் தொடங்கும்படி வைத்திருந்தேன், ஆனால் பொத்தான் மட்டும் பூட்டியிருக்கும். லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போன பேட்டரி. இன்வெர்ட்டர், படுக்கைப் புண் வராமலிருக்க அவன் படுக்கும் காற்று மெத்தையின் மோட்டாருக்கே பத்தாது. அதனால் ஐந்து நிமிஷம் கரண்ட் போனாலும் அண்ணனின் வாய் அடைபட்டுவிடும். நான் போய் மறுபடி அந்த ஒரு வரியைத் தட்ட வேண்டும்.

இதை நிரந்தரமாகச் செய்ய வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு விதியை எழுதி வைத்தால் போதும். கருவி தோன்றும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரே அதைப் பார்த்து அனுமதியைக் கொடுத்துவிடும். செய்யலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குப் பதிலாக ஒரு தாளில் சிவப்பு மையில் எழுதி லேப்டாப்புக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அணைக்கக் கூடாது. பிடுங்கக் கூடாது. தொடக் கூடாது.

அண்ணிக்குச் சொந்த ஊர் முசிறி. அங்கே அவருடைய அப்பா வாழைத் தோப்பில் விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் கிடந்தார். தம்பி குடும்பம்தான் பார்த்துக்கொண்டது. “அக்காவ வரச் சொல்லு” என்று பெரியவர் தினமும் கேட்கிறாராம். முசிறி என்ன பெரிய தூரமா? பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அண்ணனைக் குளிப்பாட்ட, புரட்டிப் போட, ஊட்டிவிட பக்கத்துச் சந்திலிருந்து ஒரு அக்கா வருவார். நாலு நாள் அவரே முழுநேரமும் இருக்கத் தயார். ஆனாலும் அண்ணி போகவில்லை. நாலு மாதமாகப் போகவில்லை. காரணம் ஒன்றே ஒன்றுதான். கரண்ட் போய்விட்டால் இவர் எப்படிப் பேசுவார்?

ஒருநாள் என்னிடம் கேட்டார்.

“தம்பி, அந்த பாஸ்வேர்டை எங்கிட்ட சொன்னீங்கன்னா நானே போட்டுக்குவேன்ல?”

“உங்களுக்கு எதுக்கு அண்ணி? ஒரு எழுத்து தப்பாத் தட்டினா மொத்தமும் போயிடும்.”

“எழுதிக் குடுங்க. பாத்துப் பாத்து அடிக்கிறேன்.”

“வேணாம். அதான் நான் வரேன்ல?”

ஒரு எழுத்து தப்பாகத் தட்டினால் ஒன்றும் போகாது. பொய் சொன்னேன். என்னைக் கூப்பிட வேண்டியிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. நாற்பது நிமிஷம் வெயிலில் ஓட்டிக்கொண்டு போய், “ஒரு நாள் நிம்மதியா இருக்க விடுறீங்களா” என்று எரிந்து விழுந்து, ஒரு வரி தட்டி, அண்ணன் வாயைத் திறந்துவிட்டு வருவது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிடித்தத்துக்காக அந்த அம்மாள் தன் அப்பாவைப் பார்க்காமல் கிடந்தார். அப்போது நான் இப்படி யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் அன்றைக்கு மெஷினெல்லாம் குளித்துவிட்டு நிற்கும். வாழைக்கன்று, தோரணம், பொரி, சுண்டல். நானும் என் மல்டிமீட்டருக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் விஜயதசமி. ஊருக்கெல்லாம் லீவு. எனக்கு மட்டும் வேலை, ஏனென்றால் மெஷின்கள் நிற்கும் நாளில்தான் எங்கள் ஆட்கள் மீட்டர்களைக் கழற்ற முடியும். உள்ளே போகும்போது கைபேசியை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளியே வந்து வாங்கிப் பார்த்தால் பதினாலு அழைப்பு. எல்லாம் அண்ணி.

“தம்பி, மிஷின் பேச மாட்டேங்குதுங்க.”

“கரண்ட் போச்சா?”

“இல்லீங்க.”

“பின்ன?”

“நான்தான் நேத்து சாயந்தரம் அணைச்சேன். பூஜைக்கு.”

தொழிற்சாலை வாசலிலேயே நின்றுகொண்டு கத்தினேன். “சிவப்பு மையில கொட்டை எழுத்துல ஒட்டி வெச்சிருக்கேன்ல? படிக்கத் தெரியாதா உங்களுக்கு?” போனவர்கள் வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அரியமங்கலம், பால்பண்ணை, சஞ்சீவி நகர் சிக்னல். லீவு நாள் கூட்டம், சிக்னல் மூன்று தடவை மாறியும் நகரவில்லை. என்னென்ன திட்ட வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே பாலம் ஏறினேன். காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பார்க்கிற மனநிலை இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தால், லேப்டாப்புக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. மூடியில் சந்தனம், மூன்று குங்குமப் பொட்டு. ஹாரன் பொத்தானுக்கு நட்டநடுவில் ஒரு பொட்டு. சொருகுகிற முனையில்கூடச் சந்தனம். பக்கத்தில் ஒரு தட்டில் பொரி. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். அண்ணி சுவரோரமாக நின்றார்.

“ஒயர் முனையில சந்தனம் தடவுவாங்களா யாராவது? இது என்ன அருவாமணையா?”

“வருஷா வருஷம் பஸ்ஸுக்கு இவருதாங்க வாழக்கன்னு கட்டி மாலை போடுவாரு. டிக்கெட் பைக்குப் பொட்டு வெப்பாரு. இப்ப இவருக்கு இருக்கிறது இது ஒண்ணுதானே? இதை வெறுமனே விட மனசு ஒப்பலீங்க.”

“மனசு ஒப்பலையாம். ஒரு நாள் பூரா ஆளு ஊமையாக் கெடக்குறான், அதுக்கு மனசு ஒப்புச்சா?”

“இன்னிக்கு உங்களுக்கு லீவுன்னு நெனச்சேன். ஒரு போன் போட்டா வந்து தட்டிக் குடுத்துடுவீங்கன்னு…” என்று நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார், “அவரையும் கேட்டுட்டுத்தாங்க அணைச்சேன். பூஜை போடுன்னு சொன்னாரு.”

அதைக் காதில் வாங்காமல் நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே பாஸ்வேர்டைப் போட்டேன். அந்த வரியைத் தட்டினேன். பொத்தானை எடுத்து அண்ணனின் கட்டைவிரலுக்கு அடியில் வைத்தேன். அவன் கண்ணைத் திறந்தான். திரையில் வரிசைகள் ஓடத் தொடங்கின. நான் திட்டுவதை நிறுத்தவில்லை. சொல்லாமல் செய்வது, கேட்காமல் செய்வது, எதிலும் கவனம் இல்லாதது என்று பட்டியல் நீண்டது. நான் மூன்றாவது சுற்றில் இருக்கும்போது அந்தப் பெண் குரல் நிதானமாகச் சொன்னது:

“அவளைத் திட்டாதே.”

நிறுத்தினேன். கட்டைவிரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. நானும் அண்ணியும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. மு. சி. றி.

“முசிறிக்கு அனுப்பு.”

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் விஷயம் வந்தது. காலையில் அவருடைய தம்பி போன் செய்திருக்கிறார். அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, உடனே கிளம்பி வா என்று. மிஷின் சரியாகட்டும், வருகிறேன் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் அண்ணனும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அந்த நிமிஷத்திலிருந்து அண்ணியையே வைத்த கண் வாங்காமல் பார்த்திருக்கிறான். இவருக்கு ஏதோ வேண்டும் என்று மட்டும் புரிந்திருக்கிறது. அண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார்.

“தண்ணியான்னேன், இல்லன்னாரு. வலியான்னேன், இல்ல. திருப்பிப் போடணுமா, இல்ல. ஃபேனா, கொசுவா, டிவியா, எல்லாத்துக்கும் இல்ல. மத்தியானத்துக்கு மேல கண்ணை மூடிக்கிட்டாரு. மிஷினை அணைச்சதுக்குக் கோவிச்சுக்கிட்டாருன்னு நெனச்சேன்.”

பெண் குரல் சொன்னது: “காலையிலேருந்து இதைத்தான் சொல்றேன்.”

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த ஒரே பிராயச்சித்தத்தைச் செய்தேன்.

“அண்ணி, ஒரு பேப்பர் எடுத்துட்டு வாங்க. பாஸ்வேர்டைச் சொல்றேன், எழுதிக்குங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. “இப்ப எனக்கு எதுக்குங்க அது? நான் முசிறில இருக்கும்போது இங்க வந்து எப்படி அடிப்பேன்? நான் இருக்கும்போது பாத்துக்கலாம் தம்பி. நான் இல்லாதப்பதான் வேணும். அது தானாப் பேசணும்.”

மீட்டர் பழுது பார்க்கிறவன் எட்டு மாதம் தள்ளிப்போட்டதை அந்த அம்மாள் ஐந்து வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அனுமதி கொடுக்க வேண்டியவர்களுக்கு ஒரு குழு உண்டாக்கலாம். ‘அண்ணன்’ என்று ஒரு குழு உண்டாக்கி, கம்ப்யூட்டரில் அவன் பெயரில் இருக்கிற கணக்கை அதில் சேர்த்தேன். பொத்தானின் கோப்பு தோன்றியதும் அதை அந்தக் குழுவிடம் ஒப்படைத்துவிடு என்று ஒரு விதி எழுதினேன். ஒரே வரி. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அந்தப் பழைய லேப்டாப் எழ நாலு நிமிஷம் ஆகும். திரை வந்தது, வரிசைகள் ஓடின. அண்ணன் அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினான். வரிசைகள் அவனைக் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருந்தன.

அவன் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன். அண்ணி எழுந்து அடுக்களைக்குப் போனார்.

காரணம் தெரிய அரைமணி நேரம் பிடித்தது. விதிகள் எழுதிய கோப்புகளைக் கம்ப்யூட்டர் பெயர் வரிசையில் படிக்கும். பெயருக்கு முன்னால் ஒரு எண் போடுவது வழக்கம். நம்முடையதுதான் முக்கியம், அதுதான் முதலில் நிற்க வேண்டும் என்று நான் பத்து என்று போட்டிருந்தேன். எல்லாக் கருவிகளுக்குமான பொது விதி ஐம்பதில் இருந்தது. கம்ப்யூட்டர் முதலில் என் விதியைப் படித்து, பொத்தானை அண்ணனிடம் கொடுத்திருக்கிறது. பிறகு ஐம்பதைப் படித்து, அவனிடமிருந்து பிடுங்கிப் பொதுக் குழுவிடம் கொடுத்துவிட்டது. கடைசியில் சொல்வதுதான் நிற்கும். எல்லா இடத்திலும் முண்டியடித்து முன்னால் போய் நிற்பது என் சுபாவம். எண்ணைத் தொண்ணூற்றொன்பது ஆக்கினேன்.

அந்தப் பொதுக் குழுவிலேயே அண்ணன் பெயரைச் சேர்த்திருந்தால் இத்தனை பாடு வேண்டாம் என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

அணைத்தேன். போட்டேன். நாலு நிமிஷம். வரிசைகள் ஓடின. கட்டைவிரல் அழுந்தியது. ஒரு வரிசை நின்றது.

“ரைட்,” என்றது பெண் குரல்.

பஸ்ஸை எடுக்கச் சொல்லி இருபது வருஷம் சொன்ன ‘ரைட்’. அடுக்களையிலிருந்து அண்ணி உப்புமாக் கரண்டியோடு ஓடி வந்தார்.

“பேசிட்டாரா?”

“பேசிட்டான்.”

“நீங்க அந்த வரியைத் தட்டலையே?”

“தட்டல.”

“அப்ப இந்தச் சந்தனத்தைத் துடைச்சுடலாமா? நீங்க பாக்குறப்பல்லாம் எனக்கு உதறுது.”

“துடைங்க.”

ஈரத் துணியை எடுத்து வந்து பொத்தானைத் துடைத்தார். ஒயர் முனையைப் பிடுங்கி, நன்றாகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒரு தடவை ஒற்றி, பழைய இடத்திலேயே சொருகினார். அண்ணன் அழுத்தினான். சத்தம் இல்லை.

அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. “நான் என்னமும் பண்ணிட்டேனா?”

அரை மணிக்கு முன்னால் என்றால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். பார்த்தேன். தப்பு மறுபடியும் என்னுடையது. சொருகிய கருவிகளுக்குக் கம்ப்யூட்டர் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று வருகிற வரிசையில் எண் கொடுக்கும். நான் விதியைப் பூஜ்யத்துக்கு எழுதியிருந்தேன். பேசும் நிரலும் பூஜ்யத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கிச் சொருகியதால், பூஜ்யம் காலியாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்து, அதே பொத்தானுக்கு ஒன்று என்று எண் கொடுத்துவிட்டது.

“நீங்க ஒண்ணும் பண்ணல அண்ணி. நல்லவேளை பிடுங்கினீங்க. நாளைக்கு யாராவது கால் தட்டிப் பிடுங்கியிருந்தா அப்பவும் இதேதான் ஆகியிருக்கும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அவரிடம் ‘நல்லவேளை’ என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

ஒவ்வொரு போர்டுக்குள்ளும் அதற்கென்று ஒரு அடையாள எண் இருக்கும். எந்தத் துளையில் சொருகினாலும், எத்தனையாவதாக வந்தாலும் அது மாறாது. விதியை அந்த அடையாளத்தைப் பார்க்கும்படி மாற்றினேன். கருவிக்கு ‘பொத்தான்’ என்று ஒரு நிலையான பெயரும் வைத்தேன். நிரலை அந்தப் பெயரைத் தேடச் சொன்னேன். காணாமல் போனால் காத்திருந்து மறுபடி பிடிக்கச் சொன்னேன். பிறகு நானே பிடுங்கி வேறு துளையில் சொருகினேன்.

“ரைட்.”

மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன்.

“ரைட்.”

“போதும்டா சாமி,” என்று எழுந்தேன். கட்டைவிரல் ஓடியது. “இன்னொரு தடவை.”

இன்னொரு தடவை செய்தேன். உப்புமா ஆறிப்போனது. “இன்னொரு தடவை.” நான் தள்ளிப்போட்ட எட்டு மாதத்தை ஒரே மாலையில் வசூல் பண்ணுகிறான் என்று புரிந்தது. ஏழு தடவை அணைத்துப் போட்டேன். ஏழு தடவையும் பேசியது. கிளம்பும்போது சுவரிலிருந்த சிவப்பு மைத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அண்ணி ஒரு பையோடு நின்றார். அந்த அக்கா வந்துவிட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட நான் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். அண்ணி கட்டிலோரம் போய் நின்று, “போயிட்டு வரட்டுங்களா?” என்றார். கேட்டுவிட்டு நகரவில்லை. மிஷின் எப்படியும் இரண்டு நிமிஷம் எடுக்கும் என்று தெரிந்தும் வேண்டுமென்றே நின்ற மாதிரி இருந்தது.

“ஏறு. சீட் இருக்கு.”

“இந்த வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல,” என்று சொல்லிவிட்டு அண்ணி அவன் நெற்றியைத் துடைத்தார். நெற்றியில் துடைக்க ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் ஸ்ரீரங்கத்தில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணி முதல் கரண்ட் கிடையாது. நான் அதை மறந்தே போயிருந்தேன். மத்தியானம் தொழிற்சாலைக்குள் கூட வேலை செய்கிறவர், திருவானைக்காவல்காரர், “எங்க பக்கம் இன்னைக்குப் பூரா கரண்ட் இல்ல” என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கைபேசி வாசலில் கிடக்கிறது. அண்ணி முசிறியில் இருக்கிறார். அந்த அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்து என்று போட்டவன் தொண்ணூற்றொன்பதிலும் எதையாவது கோட்டை விட்டிருந்தால்?

ஐந்து மணிக்குக் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். ஒரு அழைப்பும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பேச முடியாதவன் எப்படிக் கூப்பிடுவான்? முசிறிக்குப் போன் போட்டேன்.

“அண்ணி, அண்ணன்…”

“இப்பதாங்க பேசி வெச்சாரு!” அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். “கரண்ட் மூணு மணிக்கே வந்துடுச்சாம். வந்ததும் மிஷின் தானா எழுந்து உக்காந்துக்கிச்சாம். அந்த அக்காகிட்ட எனக்குப் போன் போடச் சொல்லி, போனை மிஷின் பக்கத்துல வெக்கச் சொல்லியிருக்காரு. அப்பாகிட்டப் பேசணும்னாரு. ‘மாமா, நான் மாப்பிள்ளை’ன்னு சொன்னாரு. எங்கப்பா என்ன கேட்டாரு தெரியுமா? ‘ஏம்மா, மாப்பிள்ளைக்கு என்னாச்சு, பொம்பளக் குரல்ல பேசுறாரு’ன்னு!”

“என்ன சொன்னான்?”

“‘கஞ்சியக் குடிங்க, சொல்றேன்’னாரு. ரெண்டு கரண்டி குடிச்சாருங்க தம்பி. அஞ்சு நாளா ஒரு வாய் ஒழுங்கா எறங்கல. ரெண்டு கரண்டி குடிச்சிட்டாரு.” பிறகு, “நான் இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டுமா?” என்றார்.

“இருங்க. என்னைய எதுக்குக் கேக்குறீங்க? அவன்கிட்டக் கேளுங்க. அதான் பேசுறான்ல?”

போனை வைத்தேன். என் வீடு அங்கிருந்து பத்து நிமிஷம்தான். வண்டியை எடுத்தவன் எதிர்ப்பக்கம், ஸ்ரீரங்கத்துக்குத் திருப்பினேன். சஞ்சீவி நகர் சிக்னலில் நிற்கும்போது, எதற்காகப் போகிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

நான் உள்ளே போனதும் அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான்.

“எதுக்கு வந்தே?”

“சும்மாதான்.”

“ரிப்பேர் ஒண்ணும் இல்லை.”

“தெரியும்.”

“உக்காரு.”

உட்கார்ந்தேன். எட்டு மாதமாக இந்த அறையில் நான் திரையைப் பார்த்தபடிதான் நின்றிருக்கிறேன். நாற்காலி அவன் முகத்துக்கு நேராக இருந்தது. தாடை இளைத்திருந்தது. காதோரம் முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று தெரியவில்லை. அந்த அக்கா எனக்கு டீ கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். நான் டீயைக் குடித்தேன். சுவரைப் பார்த்தேன். அவன் வரிசைகளை ஓட விட்டிருந்தான்.

“பேசு.”

“என்ன பேச?”

“எதையாவது. நான் ஒருத்தனே எவ்வளவு நாள் பேசுறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் கண்ணோரம் சுருங்கியது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல், அன்றைக்குக் காலையில் ஃபோர்மேனோடு போட்ட சண்டையைச் சொன்னேன். ஒரு மீட்டரை யார் தலைகீழாக மாட்டினது என்பதில் தொடங்கிய சண்டை. அவன் என்ன சொன்னான், நான் என்ன சொன்னேன், அவன் எப்படி வாயடைத்துப் போனான் என்று விலாவாரியாகச் சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூட அண்ணன் குறுக்கிடவில்லை. கட்டைவிரல் மட்டும் மெல்ல வேலை செய்துகொண்டிருந்தது. நான் முடித்ததும் பெண் குரல் சொன்னது:

“தப்பு உன் மேலதான்.”

“என் மேலயா? நீ அங்க இருந்தியா? பாத்தியா நீ?” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தேன்.